நின்றதும் நிறுத்தியதும்

ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவரை அந்தத் தெருவில் எல்லாரும் மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு குறைவு. எங்க ஃபிரிட்ஜ் எப்படி உறுமுது, எந்த நேரத்தில் முனகுது, போன தடவை வந்தவன் அதை எப்படிக் கெடுத்துவிட்டுப் போனான் என்று வீட்டுக்காரர்கள் கதை கதையாகச் சொல்லும்போது, தலையை உள்ளே விட்டுக்கொண்டு "ம்... ம்..." என்பார். சொல்பவர்களுக்கு அதில் பாதி பாரம் இறங்கிவிடும்.

அவருடைய அண்ணன் ஸ்ப்ரே பெயின்டர். ஆயுசு முழுக்க அடுத்தவர் கார்களுக்கு நிறம் ஏற்றியதில் சொந்த நுரையீரல் வெளுத்துப்போனது. கடைசிக் காலத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தையல் ஃபாக்டரியில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவர். அவர் வேலைக்குப் போனால் மெக்கானிக் வீட்டில், மெக்கானிக் வேலைக்குப் போனால் அவர் வீட்டில் என்று முறை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்கள். ஒரு நாள் மதியம் முறை தப்பியது. ஃபாக்டரியில் அண்ணியைச் சீக்கிரம் விட மறுத்துவிட்டார்கள். பேக்கரியிலிருந்து ஃப்ரீசர் படுத்துவிட்டது என்று மெக்கானிக்குக்கு போன் மேல் போன். ஓடிப்போய் ஓடி வந்துவிடலாம் என்று கிளம்பினார். கரண்ட் போயிற்று. மெஷினுக்குள் இருந்த பேட்டரி பழசு. கொஞ்ச நேரம் முக்கிப் பார்த்துவிட்டு அதுவும் அடங்கியது. அவர் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி அழுதார். "நான்தான் கொன்னுட்டேன்... எங்கண்ணனை நான்தான் கொன்னுட்டேன்!"

சாவு வீட்டில் இதைச் சொல்லாதவர் யார்? பெற்றவர்கள் சொல்வார்கள், கட்டியவர் சொல்வார், பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்த மைத்துனர்கூடச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர்கள் முதுகைத் தடவி, "சும்மா இருங்க, உங்க கையில என்ன இருக்கு" என்பார்கள். அதுதான் அந்தப் பேச்சுக்குப் பதில். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரரும் நின்றிருந்தார். வீட்டிலேயே நேர்ந்த சாவு என்பதால் பேருக்குப் பார்த்துவிட்டுப் போக வந்தவர். அவர் முதுகைத் தடவவில்லை. எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரமே மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் வந்தது. போலீஸ் துறையின் வாக்குமூலச் செம்மைப் பிரிவுக்கு வர வேண்டுமாம்.

அந்தப் பிரிவு பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு நீதிபதி, ஒருவரையொருவர் முன்பின் அறியாத மூன்று பேரின் வாக்குமூலங்களை ஒரே நாளில் படிக்க நேர்ந்தது. ஒரு பிக்பாக்கெட், ஒரு வீடு புகுந்தவன், பிறவியிலேயே வாய் பேச வராத ஒருவர். மூவரும் "மேற்படி குற்றத்தை என் மனசாட்சி உறுத்தியதன்பேரில் உரத்த குரலில் தெரியப்படுத்திக்கொள்கிறேன்" என்று எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தார்கள். நீதிபதி மூன்றையும் தூக்கிக் கடாசிவிட்டார். துறைக்குப் பெரிய தலைகுனிவு. அறிஞர்களைக் கூட்டி அலசி ஆராய்ந்து, குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நடையில். வாக்குமூலங்களில் தனித்தன்மை இல்லை, உணர்ச்சி இல்லை, உயிர் இல்லை. அதற்காகத் தொடங்கப்பட்டதுதான் இந்தப் பிரிவு.

மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது அறை ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. மூலையில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் பளபளப்பாகத் துடைத்த லத்தி ஒன்று. கீழே "பழைய முறை" என்று அட்டை. எதிர்ச் சுவரில் பெரிய பலகை. நின்றது, நிறுத்தினேன். விழுந்தார், தள்ளினேன். உடைந்தது, உடைத்தேன். காணாமல் போனது, எடுத்தேன். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு போல மேலிருந்து கீழ்வரை எழுதியிருந்தது.

"வாங்க, வாங்க. சாப்பிட்டீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "பயப்படாதீங்க. இங்க யாரையும் அடிக்கிறதில்ல. வா போன்னுகூடப் பேசறதில்ல. மரியாதை குறைஞ்சா வாக்குமூலத்துல உயிர் குறைஞ்சிடுது. அனுபவத்துல கண்டது."

"சார், என்னை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு..."

"அதைத்தான் நாம எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிக்கப் போறோம்."

பக்கத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ரைட்டர். வாக்குமூலம் எழுதுகிற உத்தியோகம். மெல்லிய ஆள், மெல்லிய குரல். துறை விழாக்களில் கவிதை வாசித்து வரிசையாகக் கோப்பை வாங்கியவர் என்று இன்ஸ்பெக்டர் பெருமையாக அறிமுகப்படுத்தினார். ரைட்டர் வெட்கப்பட்டார்.

இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். "அண்ணனுக்கு ரொம்ப நாளா முடியாம இருந்துச்சு."

"ம்."

"நீங்கதான் பார்த்துக்கிட்டீங்க."

"ம்."

"அந்த மெஷினைப் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"ம்... ரெண்டு மூணு தடவை பிரிச்சு மாட்டியிருக்கேன் சார்."

"அன்னைக்கு அதை நிறுத்தினது..."

"ம்..." என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் முடிக்கவில்லை. ரைட்டரின் பேனா முடித்துவிட்டது.

"ஐயையோ, என்ன சார் எழுதறீங்க? நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். மேல சொல்லுங்கன்னு அர்த்தம்."

இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடு மேசையிலிருந்த கைப்புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். "'ம்' என்பது ஒப்புதல். 'ம்ம்' என்பது மனமார்ந்த ஒப்புதல். 'ம்ஹும்' என்பது தயக்கத்துக்குப் பிந்தைய ஒப்புதல்."

"ம்ஹும்னா இல்லைன்னு அர்த்தம் சார்!"

"வீட்டுல. இது ஆபீஸ்."

"அப்ப பேசாமலே இருந்தா?"

"மௌனம் சம்மதம். அது நாங்க எழுதினது இல்லீங்க. உங்க முன்னோர் சொல்லி வெச்சுட்டுப் போனது."

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்தார். ஒரு ஃபிரிட்ஜைப் பிரிக்கும்போது எந்த ஸ்க்ரூவை எங்கே வைத்தோம் என்று வரிசையாக அடுக்கி வைப்பாரே, அப்படி மூன்றே வாக்கியங்களை அடுக்கினார். "சார், கரண்ட் போச்சு. மெஷின் நின்னுடுச்சு. அண்ணன் போயிட்டாரு. இவ்வளவுதான் நடந்தது."

பல்வலி வந்தவர் போல ரைட்டர் முகத்தைச் சுளித்தார். "மூணும் தன்வினை."

"அப்படின்னா?"

"எல்லாம் தானா நடந்த மாதிரி சொல்றது. போச்சு, நின்னுது, விழுந்துது. எல்லாம் தானாவே நடக்கும்னா அப்புறம் நாங்க எதுக்குங்க?"

இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். இந்தப் பேச்சை அவர் பலமுறை பேசியிருக்க வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. "நம்ம ஜனங்களோட பெரிய வியாதியே இதுதான். கண்ணாடி உடைஞ்சுதும்பாங்க. பால் கொட்டிடுச்சும்பாங்க. நகை காணாமப் போச்சும்பாங்க. யாரும் எதையும் செய்யறதே இல்ல, எல்லாம் அதுபாட்டுக்கு ஆகிக்கிட்டு இருக்கு. ஒரு சமூகத்துக்கே எழுவாய் இல்லைன்னா அது உருப்படுமா? அந்த எழுவாயைத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து உள்ள வைக்கிறதுதான் எங்க வேலை."

"ஒன்னு மட்டும் என் தப்பு சார்," என்றார் மெக்கானிக். அதைச் சொல்லத்தான் அவர் வந்ததே. ராத்தூக்கம் இல்லாமல் அவரை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். "பேட்டரி வீக்கா இருந்துச்சு. எனக்குத் தெரியும். மாத்தணும் மாத்தணும்னு தள்ளிப் போட்டுட்டேன். ஊர் ஃபிரிட்ஜ் எல்லாம் பார்த்தேன், வீட்டு மெஷினைப் பார்க்கல. அதை எழுதிக்குங்க."

ரைட்டர் அன்பாகத் தலையை ஆட்டினார். "பேட்டரி வேண்டாங்க. ஓட்டத்தைக் கெடுக்கும்."

"அதுதான் சார் உண்மை."

"இருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ரொம்பச் சின்னதா இருக்கே. துறைக்குக் கட்டுப்படியாகாது."

அன்று அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பின்பக்கம் ஒரு அறை கொடுத்தார்கள். மெத்தை, மின்விசிறி, நேரத்துக்குச் சாப்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி மட்டும் இல்லை.

மறுநாள் ரைட்டர் தனியாக வந்தார். பேனா இல்லாமல் வந்தார். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து தன் அப்பா படுக்கையில் கிடந்த கதையைச் சொன்னார். எத்தனை பாத்திரம், எத்தனை துணி, எப்படிப்பட்ட வாடை. மெக்கானிக் "ம்" என்று சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்களுக்கு ஒரு நாளாவது தோணியிருக்குமே," என்றார் ரைட்டர்.

மெக்கானிக்குக்கு அந்த ராத்திரிகள் ஞாபகம் வந்தன. விடிய விடிய இருமல். இருமலுக்கு நடுவில் அண்ணன் அவரைத் திட்டும் திட்டு. திட்டி முடித்ததும் அதே மூச்சில் "நீ சாப்பிட்டியாடா" என்ற கேள்வி. அண்ணியிடம்கூட வாய் திறந்து சொல்லாத ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பி வாய்க்கு வந்துவிட்டது.

"சில நாள்... போய்ச் சேர்ந்துட்டா அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதின்னு... தோணியிருக்கு சார். தோணினதும் போய் அவர் காலைப் பிடிச்சு விடுவேன்."

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "இதுதான் முதல் வரி," என்றார். காலைப் பிடித்துவிட்டது அதில் சேரவில்லை.

சாயங்காலத்துக்குள் வாக்குமூலம் தயாராகிவிட்டது. இன்ஸ்பெக்டர் அதை வாசிக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"நிம்மதி என்னும் நிழலைத் தேடி நெடுநாள் அலைந்தவன் நான். அன்று வானம் மேகமூட்டமாக இருந்தது. என் உள்ளமும் அவ்வாறே. சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார் என் உடன்பிறந்தவர். நடுங்காத வலக்கரத்தினால் அவரது சுவாசத்தை நான் நிறுத்தினேன்."

"சார், கரம்னு எல்லாம் நான் பேச மாட்டேனே."

"நீங்க பேசற மாதிரி எழுதினா கோர்ட்டுல உங்களை யாரும் மதிக்க மாட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க கௌரவத்துக்காகத்தான் இவ்வளவு பாடுபடறோம்."

"அன்னைக்கு மேகமே இல்ல சார். நல்ல வெயில்."

"வெயில்ல யாருங்க அண்ணனைக் கொல்லுவாங்க?" என்றார் ரைட்டர், மனம் நொந்து.

மெக்கானிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். யாரும் கோபிக்கவில்லை. பிரிவில் அதற்கும் ஒரு முறை இருந்தது. கையெழுத்தெல்லாம் அப்புறம், முதலில் சும்மா வாசித்துப் பழகுங்கள் என்றார்கள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. "நிறுத்தினேன்" என்ற இடத்தில் குரல் தாழ வேண்டும். "நான்" என்ற இடத்தில் மார்பைத் தொட வேண்டும். முதலில் அவர் மளிகைச் சீட்டு படிப்பதுபோல் படித்தார். ரைட்டர் பொறுமையாகத் திருத்தினார். ஒரு கட்டத்துக்குமேல் திருத்த எதுவும் இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. வாசிக்கும்போது அந்த அறை கண்ணுக்குத் தெரிந்தது. கட்டில், மெஷின், சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு. தன் வீட்டு அறைதானே, தெரியாதா என்று விட்டுவிட்டார். அடுத்த வாசிப்பில் மெஷினின் இரைச்சல் கேட்டது. அதற்கடுத்த வாசிப்பில் தன் கை தெரிந்தது. அந்தக் கை மெதுவாகப் போயிற்று. அவர் அதைப் பின்னால் நின்று பார்த்தார். மேகமூட்டமான வெளிச்சத்தில் கை சாம்பல் நிறமாக இருந்தது. மெஷின் நின்றதும் அந்த அறையில் விழுந்த அமைதி இருக்கிறதே, அதை அவர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார். பொய் சொல்ல முடியாத அமைதி அது.

பிறகு ஒவ்வொரு வாசிப்பிலும் அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஆரம்பித்தார். முதலில் காது தெரிந்தது. அப்புறம் கன்னம். மெக்கானிக் வேகவேகமாக வாசித்து முடித்துவிடப் பார்த்தார். வேகம் கூடாது என்று ரைட்டர் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். ஒரு நாள் மதியம் அண்ணன் முழுசாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "ஏன்டா?" என்றார். திட்டவில்லை. நீ சாப்பிட்டியாடா என்று கேட்பாரே, அந்தக் குரல்.

மெக்கானிக் தாளை நழுவவிட்டு நாற்காலியோடு சாய்ந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி என்ன ஏது என்று விசாரித்தார்கள். சொன்னார்.

"அபாரம்!" என்றார் இன்ஸ்பெக்டர். "அதையும் சேர்த்துக்கலாமே."

"வேண்டாம் சார்," என்றார் ரைட்டர். அவர் முகம் வெளிறியிருந்தது. "அது இல்லாமலே நல்லா இருக்கு."

அன்றைக்கே மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. எழுத்து அவருடையது இல்லை, ஆனால் குரல் அவருடையது. தன் வாய் நாள் முழுக்கச் சொல்வதைத் தன் காது எத்தனை நாளைக்கு நம்பாமல் இருக்கும்?

அந்த வாக்குமூலம் துறைக்குள் கைக்குக் கை போயிற்று. மேலதிகாரி ஒருவர் நேரில் கேட்பதற்காகவே வந்தார். கூடத்தில் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்து, மெக்கானிக்கை நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். "நிறுத்தினேன்" என்ற இடத்தில் ஒரு பெண் போலீஸ் கைக்குட்டையைத் தேடினார். மேலதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"முன்னெல்லாம் எவ்வளவு அலைச்சல்! முதல்ல குற்றம் நடக்கணும். அப்புறம் ஆளைத் தேடணும். அதுக்கப்புறம்தான் வாக்குமூலம். இந்தப் பிரிவு அந்த வரிசையையே புரட்டிப் போட்டிருக்கு. இப்ப வாக்குமூலம் முதல்ல வந்துடுது, மத்ததெல்லாம் பின்னாடி தானா வந்து சேர்ந்துக்குது. நான் மனசு விட்டுச் சொல்றேன், இதைக் கேட்கக் கேட்க எனக்கே எழுந்து நின்னு எல்லாத்தையும் ஒப்புக்கணும்போல இருந்துது." கொஞ்சம் நிறுத்தி, கூடத்தை ஒரு சுற்று பார்த்துக்கொண்டு, "பொதுவாச் சொன்னேன்," என்றார்.

ரைட்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மெக்கானிக்குக்கும் கை தட்டினார்கள். அவர் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கத் தைரியம் வராமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் பேக்கரி அம்மா வந்து சேர்ந்தார். சட்டைக் கையெல்லாம் மாவு. வாசலில் தடுத்தவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னய்யா இது அநியாயம்? என் ஃப்ரீசரைப் பாதி பிரிச்சுப் போட்ட ஆளை நீங்க புடிச்சு வெச்சிருக்கீங்களாமே? இன்னைக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு நான் வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"அம்மா, அவர் கொலைக் குற்றத்தை ஒப்புக்கிட்டிருக்காரு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எப்ப செஞ்சாராம்?"

தேதியையும் நேரத்தையும் சொன்னார்கள்.

"அந்நேரம் அவர் தலை என் ஃப்ரீசருக்குள்ள இருந்துது. கரண்ட் போச்சு, நான் டார்ச் புடிச்சேன். கடைக்கு வந்த பாதிப் பேர் பார்த்தாங்க. அண்ணன் மெஷின் என்னாச்சோன்னு பாதியில போட்டுட்டு ஓடற வரைக்கும் மனுஷன் என் கண்ணு முன்னாடிதான் இருந்தாரு."

"வாக்குமூலத்துல அப்படி இல்லையேம்மா."

"வாக்குமூலத்துல இல்லேன்னா என்னய்யா? என் கடை இருக்கே!"

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "நேரத்தைக் கொஞ்சம் முன்னபின்ன வெச்சுக்க முடியுமா? இவ்வளவு நல்ல வாக்குமூலம். வீணாப் போயிடும்."

"என் கிரீம் பூரா கரைஞ்சு வீணாப் போச்சு, அதை முதல்ல முன்னபின்ன வையுங்க பார்க்கலாம்."

"கரைஞ்சதுன்னு சொல்லக் கூடாதும்மா," என்றார் ரைட்டர், பழக்க தோஷத்தில். "யார் கரைச்சாங்கன்னு..."

"யாரா? கரண்ட் ஆபீஸ்காரங்க கரைச்சாங்க! போய் அவங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு எழுதுங்க!"

இன்ஸ்பெக்டர் கைப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் இதற்கு அத்தியாயம் இல்லை.

வேறு வழியில்லாமல் மின் அலுவலகத்தைக் கேட்டார்கள். பதில் சுருக்கமாக வந்தது: "மேற்படி நாளில் அப்பகுதியில் மின்தடை ஏற்பட்டது. அதனால் நேர்ந்த அசௌகரியத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது." ரைட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "சார், தடை யாரு ஏற்படுத்தினாங்க? யாரு வருத்தப்படறாங்க? ஒன்னுமே இல்லையே இதுல."

"ஆபீஸ் கடிதத்துக்கெல்லாம் எழுவாய் கேட்கக் கூடாது," என்றார் இன்ஸ்பெக்டர். "அது மரபு."

மெக்கானிக்கை விடுவிக்கும் உத்தரவும் அதே மரபில்தான் இருந்தது. விசாரணையின்போது சில மொழிச் சிக்கல்கள் நேர்ந்துவிட்டதாக அறியப்பட்டது. அதனால் உண்டான மனவருத்தம் கவனத்தில் கொள்ளப்பட்டது. இன்ஸ்பெக்டர் அதை வாசித்துவிட்டுக் கை நீட்டினார். மெக்கானிக் கையைப் பிடிக்கவில்லை.

"அப்ப நான் நிறுத்தலையா சார்?"

"நிறுத்தலீங்க. நின்னுடுச்சு."

"நான் பார்த்தேனே."

"என்னத்தை?"

"என் கையை."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் நடைச் சிறப்புங்க. வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க."

வீட்டுக்குப் போனார். அண்ணி வாசலுக்கே வந்து உள்ளே கூட்டிப்போனார். சுடச்சுடச் சாப்பாடு போட்டார். கட்டிலை மடக்கி வைத்திருந்தார். ஆனாலும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் மெக்கானிக் நடந்தார். தெருவில் பழையபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனார். ஆனால் எந்த வீட்டிலும் சுவிட்சைத் தொடுவதில்லை. "நீங்களே அணைச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். யாராவது பேசினால் "ம்" கொட்டுவதும் நின்றுபோயிற்று. ஃபிரிட்ஜ் ஓடி ஓடிச் சட்டென்று அடங்கும்போது, அந்த அமைதியில் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் தேடுபவர் போல நிற்பார். வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலையில் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நேராகப் பிரிவுக்குப் போனார்.

"சார், அதுல ஒரு தப்பு இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "வலக்கரம்னு மொத்தமாப் போட்டிருக்கு. அந்த மெஷின் சுவிட்ச் உள்வாங்கி இருக்கும், கட்டைவிரலாலதான் அமுக்க முடியும். கட்டைவிரல்னு திருத்திடுங்க. அண்ணன் ஏன்டான்னு கேட்டதையும் சேர்த்துடுங்க. நான் பதில் சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க செய்யவே இல்லையே ஐயா."

"செஞ்சேன் சார்."

"ஆதாரம்?"

"நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா ஆச்சா? இப்படி ஆளாளுக்கு வந்து நான் செஞ்சேன் நான் செஞ்சேன்னு சொல்லிட்டுப் போனா நாங்க என்ன பண்றது? இது பொறுப்புள்ள ஆபீஸ். விசாரிக்காம எதையும் எழுத மாட்டோம்."

அடுத்த அறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இளம் குரல்கள் சேர்ந்து வாசித்தன. "அன்று வானம் மேகமூட்டமாக இருந்தது, என் உள்ளமும் அவ்வாறே." இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சாத்தியும் கேட்டது. மெக்கானிக்கின் உதடுகள் அந்தக் குரல்களோடு சேர்ந்து அசைந்தன. "நான்" என்ற இடத்தில் மார்பைத் தொட்டார். ரைட்டர் தன் மேசையில் குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தார். பேனா மூடியபடியே இருந்தது.

அவரை எங்கே தேடுவது என்று அண்ணிக்குத் தெரிந்திருந்தது. ஃபாக்டரி உடுப்போடு, தோளில் நூல் பிசிறுகளோடு வந்தார்.

"எழுந்திரிங்க தம்பி. போலாம்."

"அண்ணி, உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல. நான்தான் நிறுத்தினேன்."

"கரண்ட் போச்சு தம்பி. பேட்டரி தீர்ந்து போச்சு. மாத்தணும் மாத்தணும்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நானாவது ஒரு தடவை ஞாபகப்படுத்தியிருக்கணும். எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே சுமப்போம், வாங்க."

மெக்கானிக் அவரை நிமிர்ந்து பார்த்தார். புரியவில்லை.

"எந்த பேட்டரி அண்ணி?"

 அண்ணி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், ரைட்டரைப் பார்த்தார். ரைட்டரின் தலை இன்னும் தாழ்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குரல்கள் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கின.

 அண்ணி கொழுந்தனின் வலது கையைப் பிடித்து எழுப்பினார். அந்தக் கையின் கட்டைவிரல் எதையோ அமுக்கிக்கொண்டே இருந்தது. அதைத் தன் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, குழந்தையைக் கூட்டிப் போவதுபோல் வெயிலுக்குள் கூட்டிப் போனார்.

வாசலில் காவலுக்கு நின்றவர் நல்ல மனுஷர். தினம் பார்த்த முகம் என்று மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார். கேட்டைத் திறந்துகொண்டே அக்கறையாக விசாரித்தார்.

"என்னம்மா, எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிச்சுட்டீங்க," என்றார் அண்ணி.